பதினைந்தாம் நம்பர் சைட்

பல்லடத்துக்குத் தெற்கே, மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிற தங்கக்கொடி கார்டனில், பதினைந்தாம் நம்பர் சைட் வளர ஆரம்பித்தது ஓர் ஆவணி மாதத்தில்; அதை முதலில் கண்டுபிடித்தவள் பக்கத்துச் சைட்டுக்காரி வசந்தாமணி; கண்டுபிடித்ததும் அவள் செய்த முதல் காரியம், வீட்டுக்குள் போய் டேப்பை எடுத்து வந்து அளந்ததுதான். பூமி எங்கேயாவது வளருமா என்று அவள் கேட்கவில்லை, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றுதான் கேட்டாள். அகலத்தில் மூன்று அங்குலம். அன்றைய ரேட்டுக்கு அது பதினைந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் குறைவு என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள், அந்த இரண்டு ரூபாய் குறைவதில் ஒரு சின்ன ஆறுதல் தேடிக்கொண்டாள், டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவள் வைத்த குழம்பில் உப்பு இல்லை.

வசந்தாமணியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பனியன் கம்பெனியில் இருபது வருஷம் கணக்கு எழுதியவள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் சைட் வாங்கினாலும், புரோக்கருக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவள் வீட்டுக்கு வந்து உட்காருவார்கள். அவள் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, சைட் விலை, பத்திரச் செலவு, லோன் வட்டி, வரப்போகிற வாடகை, வராமல் போகக்கூடிய வாடகை எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிக் கழித்து, "பதினோரு வருஷத்துல போட்டது திரும்பிருமுங்க, தாராளமா வாங்கலாம்" என்பாள்; இல்லாவிட்டால், "பேங்குக்காரனுக்குச் சம்பாரிச்சுப் போடறதுக்கு எதுக்குங்க இந்தச் சோலி" என்பாள். சொன்னது தப்பியதில்லை. எழுதிய தாளைக் கிழித்துப் போடவும் மாட்டாள். ரசீதோ, துண்டுச் சீட்டோ, எந்தத் தொகையாக இருந்தாலும் அது எங்கே இருந்து வந்தது எங்கே போனது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி, சம்பந்தப்பட்ட ஃபைலில் பின் குத்தி வைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

சைட் வளர ஆரம்பிப்பதற்கு நாலு வருஷத்துக்கு முன்னால், அவள் புருஷன் சென்னியப்பனும் அவர் தம்பி குமரேசனும் சேர்ந்து ஓட்டிய தறிகளை விற்று ஆளுக்குப் பதினைந்து லட்சம் பங்கு பிரித்தபோது, அந்தப் பணத்தைப் பூமியில் போடுவது என்று முடிவாகி, கணக்குப் பார்க்கும் பொறுப்பு வசந்தாமணி தலையில் விழுந்தது. ஐந்து ஐந்து சென்ட்டில் அக்கம்பக்கமாக இரண்டு சைட். பதினாலாம் நம்பர் மெயின் ரோட்டைத் தொட்ட கார்னர், கடை கட்டினால் வாடகை கொட்டும். பதினைந்தாம் நம்பர் தெருக்குத்து, எதிரே வருகிற தெரு நேராக வந்து அதன் நெஞ்சில் முட்டும், அதனால் இனாமாகக் கொடுத்தாலும் ஆள் யோசிக்கும். கார்னரைத் தனக்கும் தெருக்குத்தைக் குமரேசன் பெண்டாட்டி பேபிக்கும் எடுத்தாள் வசந்தாமணி. பேபி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீங்க பார்த்துச் சொன்னாச் சரியாத்தானுங்க்கா இருக்கும்."

"ரெண்டும் ஒரே ரேட்டுத்தான் கண்ணு. வாசல்ல ஒரு பிள்ளையாரை வெச்சுட்டா தெருக்குத்து ஒண்ணும் பண்ணாது."

ரேட் ஒன்றாக இல்லை. தெருக்குத்துச் சைட் என்பதற்காக லேஅவுட் போட்டவர் ஒன்றரை லட்சம் கழித்துக்கொடுத்திருந்தார். பேபியிடம் முழுசாகப் பதினைந்து லட்சம் வாங்கிக்கொண்டு, அந்தக் கழிவைத் தன் சைட்டின் விலையில் குறைத்துக்கொண்டாள் வசந்தாமணி. இவ்வளவு அலைந்து திரிந்து கணக்குப் பார்த்ததற்கு ஒரு கூலி வேண்டாமா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். பத்திரச் செலவுக்குக் கையில் காசில்லாமல் பேபி கழுத்துச் செயினை விற்கப் போனபோது, நல்ல ரேட்டுக்குப் போக வேண்டுமே என்று அவளோடு நகைக்கடைக்குப் போய் வந்தவளும் வசந்தாமணிதான். அன்றிலிருந்து பேபி கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.

அப்புறம் வசந்தாமணி பதினெட்டு லட்சம் லோன் போட்டு வீடும் முன்னால் மூன்று கடையும் கட்டினாள். ஒன்பது பர்சென்ட் வட்டி, பதினைந்து வருஷம், மாசத் தவணை பதினெட்டாயிரத்து இருநூற்று ஐம்பத்தேழு. கடை வாடகை ஏழாயிரம் வீதம் இருபத்தோராயிரம். தவணை போக மாசம் இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் மிஞ்சும். ஊரே மெச்சிய கணக்கு. பேபி மெதுவாக, நாலு வருஷம் கழித்து, கடனே இல்லாமல் ஒரு ரூமும் அடுப்படியும் கட்டி, மேலே தகரத்தைப் போட்டாள்; வாசல் முருங்கை, சைட் வாங்கின வருஷமே அவள் ஊன்றியது. வசந்தாமணி அடுப்படியிலிருந்து பேபி அடுப்படிக்குப் பதினோரு தப்படி. குழம்பு வைத்தால் சூடு ஆறுவதற்குள் கிண்ணம் வந்து சேர்ந்துவிடும்.

அந்தத் தகர வீட்டுக் கிரகப்பிரவேசத்தில்தான் வந்தது வினை. சாப்பிட்டு முடித்த சனம் எழுந்து போகாமல் முருங்கை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, "இங்க உட்கார்ந்தா எந்திரிக்க மனசு வரமாட்டேங்குது பேபி" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். வசந்தாமணியின் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் டைல்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு, சதுர அடிக்கு என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்கள். கழுத்தில் ஒரு குந்துமணித் தங்கம் இல்லாமல் அந்த மஞ்சள் கயிறோடு பேபி பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த அழகைப் பார்க்கப் பார்க்க, வசந்தாமணிக்கு வயிறு எரிந்தது. வயிறு எரிந்தது என்றால் எரிந்ததுதான், அதற்கு வேறு பேர் வைக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் சைட் மூன்று அங்குலம் அகன்றிருந்தது.

அடுத்த மாசம் ஒரு முழம். அதற்கடுத்த மாசம் ஒன்றரை முழம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த காலி இடத்தில்தான் அது அகன்றது. பதினாலாம் நம்பர் ஓர் அங்குலம் குறையவில்லை, அந்தப் பக்கம் பதினாறும் குறையவில்லை, எல்லைக் கற்கள் நட்ட இடத்தில் நட்டபடியே ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிப் போயின. தாலுகா ஆபீஸிலிருந்து வந்த சர்வேயர் அர்ச்சுனன் சங்கிலியைப் பிடித்து மூன்று தடவை அளந்துவிட்டு, இளநீரைக் குடித்தார்.

"வளர்ந்திருக்குதுங்க. ஆனா அடுத்தவன் பூமியில ஒரு பிடி எடுக்கலை. புகார் கொடுக்க ஆளில்லாதப்ப நான் என்னத்தை எழுதறது?" என்று கேட்டுவிட்டு, அமாவாசைக்கு அமாவாசை வந்து அளந்து எழுதுவதாக ஏற்பாடு செய்துகொண்டு போனார்.

ஊரும் அதற்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொண்டது. பஞ்சாயத்தில் பதினைந்தாம் நம்பருக்கு மட்டும் வீட்டு வரியைப் பென்சிலால் எழுதினார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து பின்தெருவுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்கள், இப்போது நடுவில் பேபியக்கா சைட்டைச் சுற்ற வேண்டியிருக்கிறது என்று இருபத்தைந்து ஆக்கினார்கள், யாரும் சண்டைக்குப் போகவில்லை. கரண்ட் ஆபீஸிலிருந்து வந்தவர் கம்பியை வருஷத்துக்கு ஒரு தடவை நீட்டிக் கட்டிவிட்டுப் போனார். லேஅவுட் போட்டவர் மட்டும் வந்து நின்று பார்த்துவிட்டு, "அந்த ஒண்ணை நான் அவசரப்பட்டு வித்துட்டனோ" என்று சொல்லி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வளர்வதற்குக் காரணம் இன்னதென்று கண்டுபிடித்தது பால்காரர். இரண்டாம் வருஷம் வசந்தாமணிக்கு டைபாய்டு வந்து இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த மாசம் சைட் ஒரு நூல் அசையவில்லை. அவள் வீடு திரும்பி, சன்னலைத் திறந்து, பேபி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பதைப் பார்த்த மறுநாளே இரண்டு முழம். பால்காரர் நாலு வீட்டில் சொன்னார், நாலு வீடு நாற்பது வீட்டில் சொன்னது. சனத்துக்கு இது விளங்காமல் போக ஒன்றுமில்லை. கண்ணு பட்டால் கல்லும் வெடிக்கும் என்று நம்புகிற ஊரில், கண்ணு பட்டு ஒரு சைட் வளர்கிறது என்றால், அதுவும் நடக்கிறதுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். பேபி வாசலில் கட்டியிருந்த திருஷ்டிப் பூசணியை அவிழ்த்துக் கூட்டு வைத்து, வசந்தாமணிக்கே ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா கண்ணு நல்ல கண்ணுங்க்கா. ஊருல என்னமோ பேசறாங்க, அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

அவள் கேலி பண்ணவில்லை என்பதுதான் வசந்தாமணிக்குத் தாங்கவில்லை. அந்த மாசம் மூன்று முழம்.

சும்மா இருப்பார்களா மற்றவர்கள்? சைட் வைத்திருந்தவர்களெல்லாம் வசந்தாமணி வாசலுக்கு வந்தார்கள், இந்தத் தடவை வாழைப்பழம் இல்லை, ஆப்பிள். கணக்குப் போட்டுத் தர வேண்டாம், ஒரு நடை வந்து நம்ம பூமியைக் கொஞ்சம் பொறாமைப்பட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். காரில் கூட்டிப்போய் மார்பிள் தரையைக் காட்டினார்கள், மாடியில் நீச்சல் தொட்டியைக் காட்டினார்கள், பட்டுச் சேலையைப் பிரித்துக் காட்டினார்கள். அவளும் மரியாதைக்காக எவ்வளவோ முயற்சி பண்ணிப் பார்த்தாள். எத்தனை லோனில் கட்டினது, தவணை எவ்வளவு, கழுத்து எப்போது நெரியும் என்கிற கணக்குத்தான் மனசில் ஓடியதே தவிர, வயிறு பச்சைத் தண்ணியாகக் கிடந்தது. ஒரு வீட்டிலும் ஒரு கல் நகரவில்லை. "ஏனுங்க, பொறாமைப்படறதுக்குக்கூட எங்க வீடு லாயக்கில்லையா" என்று ஒரு ரைஸ்மில்காரர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனவர், வசந்தாமணி வீட்டு விசேஷத்துக்குக்கூட வரவில்லை.

மூன்று வருஷத்தில் ஐந்து சென்ட் இருபது சென்ட் ஆனது. பதினைந்து சென்ட் அதிகம், சென்ட் ஐந்து லட்சம், எழுபத்தைந்து லட்சம். வசந்தாமணி தினமும் காலையில் காப்பி குடிக்கும்போது இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துக்கொண்டாள், விடை ஒரு நாளும் குறையவில்லை. பதினோரு தப்படி அறுபது தப்படி ஆகிவிட்டிருந்தது. பேபி அந்த அறுபதையும் நடந்து கிண்ணத்தோடு வந்தாள். குழம்பு ஆறிப்போய் வந்தது, ஆனால் வந்தது.

அத்தனை இடத்தை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது என்று பேபிக்குத் தெரியவில்லை. டீக்கடைக்காரர் வந்து, நிழலாக இருக்கிறது, ஓர் ஓரமாகத் தகரம் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சரி என்றாள், வாடகை ஆயிரத்தைந்நூறு. அவரைப் பார்த்து டெய்லர் வந்தார், டெய்லரைப் பார்த்து ஜெராக்ஸ்காரர் வந்தார். மூன்று பேரும் வசந்தாமணியின் கார்னர் கடைகளில் ஏழாயிரம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "தப்பா நினைச்சுக்காதீங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஷட்டர் மூன்றும் இறங்கின. வரவு பூஜ்யம், தவணை பதினெட்டாயிரத்து இருநூற்று ஐம்பத்தேழு. வராமல் போகக்கூடிய வாடகை என்று ஊருக்கெல்லாம் ஒரு வரி எழுதியவள், தனக்கு எழுதும்போது தன் வயிற்றெரிச்சலைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள். எரிய எரிய அந்தப் பக்கம் அகன்றது, அகல அகல இந்தப் பக்கம் காலியானது, காலியாக ஆக இன்னும் எரிந்தது.

மூன்று தவணை நின்றதும் பேங்க் மேனேஜர் நேரிலேயே வந்தார்.

"அம்மா, இன்னொண்ணு நின்னா ஏலத்துக்கு எழுதிருவாங்க, என் கையில இல்ல. ஒட்டினாப்புல ரெண்டு சென்ட் சேர்த்து அடமானம் காட்டினீங்கன்னா, லோனை நீட்டித் தவணையைக் குறைச்சுத் தர முடியும்."

"ரெண்டு சென்ட்டுக்கு நான் எங்கங்க போறது?" என்றாள் வசந்தாமணி.

மேனேஜர் சன்னல் வழியாகப் பக்கத்துச் சைட்டைப் பார்த்தார்.

வசந்தாமணி போய்க் கேட்கவில்லை. உயிர் போனாலும் கேட்டிருக்க மாட்டாள். சென்னியப்பன் தம்பியிடம் சொன்னாரோ, டீக்கடையில் பேச்சு வந்ததோ, மறுநாள் காலையில் பேபி அறுபது தப்படி நடந்து வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

"ரெண்டு சென்ட் என்னங்க்கா, நாலாவே எழுதிக்கலாம். அது உங்க கண்ணுல வளர்ந்த பூமிதானுங்க? எனக்கு எதுக்கு அத்தனை."

வசந்தாமணி அழுதாள். அந்த அழுகையில் நன்றியும் இருந்தது, கொடுக்கிறதுகூட இவளுக்கு இத்தனை லேசாக வருகிறதே என்கிற எரிச்சலும் இருந்தது. அன்றைக்கும் ஒரு முழம் வளர்ந்தது.

இரண்டு சென்ட்டே போதும் என்று முடிவாகி, வளர்பிறை புதன்கிழமை பார்த்து ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போனார்கள். வேப்பமரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர், பதினைந்தாம் நம்பரின் மூலப்பத்திரம் எங்கே என்று கேட்டார். அது ஏழு வருஷமாக வசந்தாமணியின் பீரோவில்தான் இருந்தது, "உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க்கா" என்று பேபி கொடுத்து வைத்தது. ஃபைலை அப்படியே நீட்டினாள். நீட்டின கை நடுவழியில் நின்றது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஆனால் அதற்குள் அவர் வாங்கிப் பிரித்துவிட்டார். பத்திரம் எழுதுகிறவர்கள் எதையும் மனசுக்குள் படிக்க மாட்டார்கள்.

"மனை எண் பதினைந்து. தெருக்குத்துக் கழிவு ஒன்றரை லட்சம் போக, பதிமூன்றரை லட்சம் பெற்றுக்கொண்டோம். ரசீது. இதுக்குக் கீழ பேனாவுல ஏதோ எழுதியிருக்குதே. கழிவு ஒன்றரை லட்சம், பதினாலாம் நம்பருக்கு வரவு." அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "யாரு கையெழுத்துங்க இது, முத்து முத்தா இருக்குது."

பேபிக்கு அந்தக் கையெழுத்து தெரியும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எத்தனையோ தடவை பார்த்தது. சீட்டைக் கையில் வாங்கி, உதடு அசையப் படித்தாள். படித்துவிட்டு மஞ்சள் கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பத்திரச் செலவுக்குச் செயினை வித்தனுங்க்கா. நீங்கதானே கூட வந்தீங்க."

வசந்தாமணி ஃபைலில் இருந்த மற்றச் சீட்டுகளைத் திரும்பத் திரும்ப அடுக்கினாள்.

பேபி கையெழுத்துப் போட்டாள். குமரேசன் வேண்டாம் என்று சட்டையைப் பிடித்து இழுத்தும், "சொன்னது சொன்னதுதான்" என்று எல்லாப் பக்கத்திலும் போட்டாள், கட்டை விரலையும் வைத்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஏறவில்லை, பஸ்ஸில் தனியாக வந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் கிண்ணம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

தவணை குறைந்தது, ஏலம் நின்றது. அடுத்த அமாவாசைக்கு வந்த சர்வேயர் அர்ச்சுனன் பதினைந்தாம் நம்பரை அளந்தார், மூன்று வருஷத்தில் ஆஸ்பத்திரி மாசத்தைத் தவிர்த்து முதல் தடவையாக ஒன்றும் கூடவில்லை. போகிற போக்கில் பதினாலாம் நம்பரில் சங்கிலியைப் போட்டவர், அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். எழுதிக்கொடுத்த இரண்டு சென்ட் போக, ஒரே மாசத்தில் பதினேழு முழம்.

ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. லட்டு டப்பாவோடு சனம் வசந்தாமணி வாசலில் கூடியது, மேனேஜர் போன் பண்ணி இன்னும் பத்து லட்சம் தரலாம் என்றார், டீக்கடைக்காரர் பழைய கடை காலியாக இருக்கிறதா என்று தலையைச் சொறிந்தார். பதினேழு முழத்துக்கு எவ்வளவு என்று சென்னியப்பன் ஆசையாகக் கேட்டார். அவள் பெருக்கவில்லை. சன்னலுக்குப் போய் அந்தப் பக்கம் பார்த்தாள். பேபி தன் சன்னலில் நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையும் பார்த்து ஒரு நாளும் வயிறு எரியாத பேபியின் முகத்தில் இருந்தது என்னவென்று வசந்தாமணிக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டியதில்லை, அது அவளுடைய சொந்த முகம். தன்னிடமிருந்துதான் அது பேபிக்கு ஒட்டிக்கொண்டது. வசந்தாமணிக்கு இப்போது வேண்டியது பூமியில்லை, ஆறிப்போன ஒரு கிண்ணம் குழம்பு.

வாசலில் லட்டு தின்றுகொண்டிருந்த சனத்தை அப்படியே விட்டுவிட்டு, பீரோவைத் திறந்தாள். ஒன்றரை லட்சத்துக்கு ஏழு வருஷ வட்டி போட்டுக் காலண்டர் தாளில் எழுதப் போனவள், பேனாவை மூடி வைத்தாள். கழுத்திலிருந்த ஐந்து பவுன் செயினைக் கழற்றி, அடுப்படியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பேபி வீட்டுக் கிண்ணத்துக்குள் போட்டு, கொல்லைக் கதவு வழியாக இறங்கினாள்.

வெயில் சுள்ளென்று அடித்தது. பழக்க தோஷத்தில் எண்ணிக்கொண்டே நடந்தாள். அறுபது எண்ணியபோது பேபி வீடு, இவள் புறப்பட்டபோது இருந்த தூரத்திலேயே இருந்தது. நூறு எண்ணினாள், நூற்றைம்பது எண்ணினாள். காலடியில் பூமி நீண்டுகொண்டு போவது உள்ளங்காலில் தெரிந்தது, சன்னலில் நிற்கிறவள் பார்க்கப் பார்க்க நீண்டது, சதுர அடி சதுர அடியாகப் பதினாலாம் நம்பருக்கு வந்து சேர்ந்தது. முன்னூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. நின்று முதலிலிருந்து எண்ணலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள், வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

"பேபி" என்று கூப்பிட்டாள். அத்தனை தூரத்துக்குக் கேட்டதோ இல்லையோ.

கிண்ணத்துக்குள் செயின் அடிக்கு ஒரு தடவை சலங்கை மாதிரி சத்தம் போட்டது. பேபி வெளியே வரவில்லை. ஆனால் சன்னலைச் சாத்தவும் இல்லை. அந்த ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு வசந்தாமணி நடந்தாள்.